ஒரு நெல்மணி தூரம்

மணல்மேல்பட்டினத்துப் படிப்பகத்தில் தொங்கிய உலாந்தாக்காரன் படத்துக்குள் ஆட்டுக்காலன் ஒரு நெல்மணி தூரம் நகர்ந்திருந்ததை முதலில் கண்டவள் பாக்கியசீலி. ஆவணி மாதத்துச் செவ்வாய்க்கிழமை காலை, ஒட்டடைக் கம்போடு சுவரோரம் போனவள், படத்தின் கண்ணாடியில் ஆவி படிந்திருக்கிறதே என்று முந்தானையால் துடைத்தாள், போகவில்லை, எச்சில் தொட்டுத் துடைத்தாள், அப்போதும் போகவில்லை, ஆவி உள்பக்கம் இருந்தது, யாரோ உள்ளே நின்று மூச்சு வாங்குவதுபோல அது கூடிக் குறைந்துகொண்டிருந்தது. என்னவென்று குனிந்தவள் முகத்தில், சட்டத்தின் இடுக்கு வழியாக, பருவம் வந்து பெட்டையைத் தேடி அலையும் வெள்ளாட்டுக் கிடாயின் மொச்சை வாடை அடித்தது. கம்பைப் போட்டுவிட்டுக் கிணற்றடிக்கு ஓடிக் காலையில் குடித்த காப்பி முழுவதையும் வாந்தியெடுத்தாள்.

படிப்பகம் என்பது ஒரு காலத்தில் உலாந்தாக்கார வியாபாரி ஒருவன், ஒல்லாந்திலிருந்து கப்பலேறி வந்தவன், மிளகு மூட்டையும் துணிப் பொதியும் அடுக்கிக் குடியிருந்த வீடு. அவன் போனான், உப்பு இலாகா வந்தது, அதுவும் போய் நெல் கிடங்கு வந்தது, கிடங்கும் போய்ப் பேரூராட்சிப் படிப்பகம் வந்தது, யார் வந்து யார் போனாலும் அவன் சீமையிலிருந்து கொண்டுவந்து மாட்டிய படம் மட்டும் செய்தித்தாள் மேசைக்குப் பின்னால் அப்படியே தொங்கியது. பழுப்புத் தாளில் காவிக்கல்லைக் குச்சியாகச் சீவி வரைந்த படம். இடுப்புக்கு மேலே மனுஷனும் இடுப்புக்குக் கீழே கிடாயுமான ஒருவன், கொம்பும் தாடியுமாக, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு பாய்கிறான். அவனுக்கு முன்னால் ஒரு பெண், துணி தோளைவிட்டு நழுவிப் பின்னால் பறக்க, தண்ணீரை நோக்கி ஓடுகிறாள். கீழ் மூலையில் ஒரு கிழவன் கவிழ்ந்த குடத்தின்மேல் முழங்கையை ஊன்றிப் படுத்தபடி வேடிக்கை பார்க்கிறான். மேலே மேகத்தில் இறக்கை முளைத்த கொழுத்த குழந்தையொன்று வயிறு குலுங்கச் சிரிக்கிறது. எங்கு பார்த்தாலும் சதை, முறுக்கிய தொடை, புடைத்த நரம்பு, வியர்வை மினுக்கத்துக்காக ஆங்காங்கே இழுத்த வெள்ளைச் சுண்ணம். இத்தனை காலமும் அதை ஒருவரும் நின்று பார்த்ததில்லை. ராசிபலன் படிக்க வருகிறவர்கள் அதன் சட்டத்தில் குடையை மாட்டுவார்கள், அவ்வளவுதான்.

பாக்கியசீலிக்கு முப்பத்தொன்பது வயது. பதினோரு வருஷமாகப் படிப்பகத்தைக் காலையில் திறந்து, கூட்டித் துடைத்து, சாயங்காலம் பூட்டுவது அவள் வேலை. புருஷன் ஞானதிரவியம் விசைப்படகு எஞ்சின் பழுது பார்க்கிறவன், பிள்ளை இல்லாத வீட்டில் அதிர்ந்து ஒரு சொல் பேசாதவன், சாப்பிட்டு முடித்ததும் அவள் தட்டையும் சேர்த்துக் கழுவிக் கவிழ்த்து வைப்பவன். இப்படியொரு மனுஷன் கிடைத்ததற்காக அவள் ஞாயிறுதோறும் கோயிலில் மண்டிபோட்டு நன்றி சொல்லிவந்தாள்.

வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தவள் கலியபெருமாள் சாரிடம் சொன்னாள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியரான அவர்தான் படிப்பகத்துக்கு எல்லாருக்கும் முன்னால் வந்து எல்லாருக்கும் பின்னால் போகிறவர். அவர் அடிக்கோலை வைத்துப் பார்த்தார், சரிப்படவில்லை, அரிசிக் கடையிலிருந்து ஒரு பிடி நெல் வரவழைத்துக் கண்ணாடியின்மேல் பசை தடவி ஒட்டிப் பார்த்தார். மறுநாள் பார்த்தார், அதற்கும் மறுநாள் பார்த்தார். நாளுக்கு ஒரு நெல்மணி. ஆட்டுக்காலனின் விரல்நுனிக்கும் அந்தப் பெண்ணின் பிடரிக்கும் நடுவில் நாற்பத்தெட்டு நெல் இருந்தது.

"ஒரு மண்டலம்!" என்றார் கலியபெருமாள் சார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே. "கணக்கா ஒரு மண்டலம்!"

ஊருக்கு அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. வெறும் படம் நகர்கிறது என்றால் பயந்திருப்பார்கள், மண்டலம் என்றதும் அதற்கு ஒரு முறை வந்துவிட்டது. மேசை அலமாரிக்குள் கிடந்த பழைய தட்டச்சுத் தாளொன்றைத் தேடியெடுத்து அவர் கதையையும் படித்துச் சொன்னார். இவன் மேலைநாட்டார் பழைய காலத்தில் கும்பிட்ட காட்டுத் தேவன். இவள் ஆற்றுக் கன்னி. இந்தக் கிழவன்தான் ஆறு, இவளுக்குத் தகப்பன் முறை. அவன் துரத்துவான், இவள் ஓடுவாள், கையில் அகப்படும் நேரத்தில் நாணலாக மாறிப்போவாள், அவன் அந்த நாணலை வெட்டிக் குழல் செய்து ஊதுவான்.

"நாணலா ஆகறதுக்கு முந்தி தொட்டுடுவானா சார், தொடறதுக்கு முந்தி நாணலா ஆயிடுவாளா?" என்று மீன் ஏலக்காரர் கேட்டார்.

"அதுதான் பாக்கணும்" என்றார் கலியபெருமாள் சார்.

பார்த்தார்கள். முதல் வாரம் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்கள், இரண்டாம் வாரம் சாம்பிராணி போட்டுப் பார்த்தார்கள், மூன்றாம் வாரம் சாம்பிராணியை மறந்துபோனார்கள். நான்காம் வாரம் வெளியூரிலிருந்து வந்த சம்பந்திகள் மூக்கைச் சுளித்தபோது எங்கள் ஊரில் என்ன நாற்றம் கண்டீர்கள் என்று சண்டைக்குப் போனார்கள். செய்தித்தாள் மேசை தாழ்வாரத்துக்குப் போனது, பள்ளிக்கூடத்து பெஞ்சுகள் உள்ளே வந்தன. ரைஸ்மில் ஹாஜியார் இரண்டு மின்விசிறி அனுப்பினார். பாஸ்டர் ஐயா அந்தப் படத்தைப் பார்ப்பது பாவம் என்று பிரசங்கம் செய்தார், பிறகு எதைப் பாவம் என்றோம் என்று தெரிந்துகொள்ள வந்து பார்த்தார், பிறகு பிரசங்கத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். பகல் இரண்டிலிருந்து நான்குவரை பெண்களுக்கு என்று ஒதுக்கினார்கள், பெண்கள் கொறிக்கக் கடலையும் முறுக்கும் மடியில் கட்டிக்கொண்டு வந்தார்கள். பேருந்து ஊர் எல்லைக்குள் நுழைந்ததும் நடத்துநர் "கிடாவாடை இறங்கு!" என்று கூவ ஆரம்பித்தார், முதலில் கோபப்பட்ட ஜனம் பிறகு கிடாவாடைக்கு ஒரு டிக்கெட் என்று தாங்களே கேட்டு வாங்கியது.

பாக்கியசீலிக்கு மட்டும் அந்த வாடை பழகவில்லை. காலையில் கதவைத் திறந்ததும் அது சூடாக வந்து அவள்மேல் விழும், தொண்டைக்குள் பிசினாக ஒட்டும், குடிக்கிற தண்ணீரில் இருக்கும், சோற்றைப் பிசைந்தால் விரலிடுக்கில் இருக்கும். அவள் மெலிந்துபோனாள். ஆனாலும் தினமும் கண்ணாடியைத் துடைக்க அவள்தான் கிட்டத்தில் போகவேண்டியிருந்தது. அதனால் பதினெட்டாம் நாள், வேறு யாரும் பார்க்காத ஒன்றை அவள் பார்த்தாள். அவன் கையை எல்லாரும் நெல் வைத்து அளந்துகொண்டிருந்த நாட்களில் அந்தப் பெண்ணின் தலையும் நகர்ந்திருந்தது. முன்பு அவள் தண்ணீரைப் பார்த்து ஓடினாள். இப்போது ஓடியபடியே முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருப்பவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெண்கள் நேரத்தில் அதைத் தையற்கடை வேதவல்லியிடம் சொன்னாள்.

"அவ கண்ணைப் பாத்தீங்களாக்கா?"

"பாக்காம என்ன. வெக்கம்" என்றாள் வேதவல்லி, முறுக்கைக் கடித்துக்கொண்டே. "ஊரே பாக்குதேன்னு கூச்சப்படுறா."

"கூச்சமா அது? கூப்பிடுறாக்கா."

"ஓடுறவ துணியை இறுக்கிக் கட்டிக்கிட்டு ஓட வேண்டியதுதானே? இத்தனை நாளா ஓடுறா, அந்தத் தண்ணியத் தாண்ட முடியலியா அவளுக்கு? மனசு இருந்தாத் தாண்டியிருப்பா." பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். ஒருத்தி, நல்ல சதைப்பிடிப்பான உடம்பு, அதுதான் ஓட்டம் வரவில்லை என்றாள். இன்னொருத்தி, அந்தத் தாடியைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது, எத்தனை நாளாகக் கையை நீட்டிக்கொண்டே இருக்கிறான் என்றாள். முறுக்குத் தூள் ஒட்டிய அந்த வாய்களைப் பார்க்க மாட்டாமல் பாக்கியசீலி எழுந்து தாழ்வாரத்துக்குப் போனாள்.

அன்று சாயங்காலம் கலியபெருமாள் சாரிடம் போய் நின்றாள்.

"சார், ஒரு துணியப் போட்டு மூடிடலாமா? பொம்பளப் புள்ள ஒன்னு உசுரக் கையில புடிச்சிக்கிட்டு ஓடுது. ஊரே உக்காந்து பாக்குறோம்."

அவர் கோபப்படவில்லை. குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். "இது கலைம்மா. எந்தக் காலத்துலயோ ஒருத்தன் வரைஞ்சு முடிச்சுட்டான். கதை என்னைக்கோ முடிஞ்சுபோச்சு. நாம பாக்குறோம், அவ்வளவுதான். நாம யாராவது அவளைத் தொட்டமா?"

"தொடல சார். தேதி வச்சிருக்கோம்."

அவர் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

முப்பத்தோராம் நாள் அவள் மூன்றாவது பெஞ்சில் ஞானதிரவியத்தைப் பார்த்தாள். வேலையிலிருந்து நேராக வந்திருந்தான். அவள் வாசலில் நிற்பதை அவன் கவனிக்கவில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது, கீழுதட்டில் ஈரம் மினுங்கியது, முழங்கால்மேல் வைத்திருந்த கைவிரல்கள், படத்திலிருப்பவன் விரல்கள் எப்படி வளைந்திருந்தனவோ அப்படியே வளைந்து, எதையோ பற்றப்போவதுபோல மெல்ல மடங்கிக்கொண்டிருந்தன. அவளுக்குத் தெரிந்த கை அது. பன்னிரண்டு வருஷம் அவள் தலையைக் கோதிய கை.

வீட்டில் சோறு போட்டுவிட்டுக் கேட்டாள். "எங்க போயிட்டு வர்றீங்க?"

"எல்லாரும் போறாங்க. நானும் போனேன்."

"என்ன பாத்தீங்க?"

"படந்தானே சீலி."

"அவளைப் பாத்தீங்களா, அவனைப் பாத்தீங்களா?"

அவன் சோற்றைப் பிசைந்தான். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன். "இன்னும் எவ்வளவு தூரம் இருக்குன்னு பாத்தேன்" என்றான்.

அவன் சட்டையிலிருந்து அந்த வாடை வந்தது. அவள் தன் தட்டை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள், நின்றபடியே இரண்டு கவளம் தின்றாள், மீதியைக் கொட்டினாள். அன்றிலிருந்து பாயைச் சமையற்கட்டில் போட்டுக்கொண்டாள். அவன் ஏனென்று கேட்கவில்லை. மறுநாளும் போனான், அதற்கு மறுநாளும் போனான், மூன்றாவது பெஞ்சிலிருந்து முதல் பெஞ்சுக்கு வந்துவிட்டான்.

நாற்பத்தேழாம் நாள் ஆட்டுக்காலனின் விரல்கள் கூந்தலுக்குள் நுழைந்திருந்தன. மறுநாளைக்காக வாசலில் பந்தல் எழும்பிக்கொண்டிருந்தது, மேளக்காரர்களுக்குச் சொல்லியாகிவிட்டது, அண்டாவில் பாயசம் வைக்க விறகு வந்து இறங்கியிருந்தது. உச்சிவேளையில் எல்லாரும் சாப்பிடப் போனதும் பாக்கியசீலி கதவைச் சாத்தி உள்தாழ்ப்பாள் போட்டாள். பேக்கரியில் வாங்கிய நான்கு பெரிய ரொட்டிகளைப் பைக்குள்ளிருந்து எடுத்தாள். மிஷன் விடுதியில் படித்த நாட்களில் சுவர்ப்படங்களில் படிந்த புகைக்கரியை ரொட்டியின் உள்சதையால் ஒற்றி ஒற்றித்தான் எடுப்பார்கள், தாள் கிழியாது, கரி மட்டும் வந்துவிடும். படத்தை இறக்கித் தரையில் படுக்கவைத்து, பின்பக்கத்து ஆணிகளைப் பிடுங்கி, கண்ணாடியை விலக்கினாள். வாடை எழுந்து அறையை நிறைத்தது.

குளம்பிலிருந்து ஆரம்பித்தாள். ரொட்டியை உருட்டி அழுத்தி எடுத்தாள், குளம்பு போனது, கணுக்கால் போனது. முழங்காலுக்கு வந்தபோது ரொட்டி வெதுவெதுப்பாகிவிட்டது. தொடைக்கு வந்தபோது அதில் ரோமம் வந்தது, காவித் தீற்றலாக இல்லை, பிசுபிசுத்த நீள நீளமான நிஜ ரோமம், அது விரலில் சுற்றிக்கொண்டது. வாளியை இழுத்து வாந்தியெடுத்தாள், வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தாள். வயிறு, மார்பு, தாடி. வாயை அழிக்கும்போது ரொட்டியெல்லாம் எச்சிலாக நனைந்தது. கண்ணிரண்டும் கடைசிவரை அவளைப் பார்க்கவேயில்லை, அந்தப் பெண்ணின் முதுகிலேயே இருந்தன. எல்லாம் போனபின் கை மட்டும் மிஞ்சியது, கூந்தலுக்குள் சிக்கிய மூன்று விரல்கள். எது விரல் எது மயிர் என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

"கொஞ்சம் பொறுத்துக்கம்மா" என்று தாளிடம் சொல்லிவிட்டு இரண்டையும் சேர்த்து அழித்தாள்.

குடத்தில் சாய்ந்திருந்த கிழவனையும் அழிக்க ஆசைப்பட்டாள், ஆனால் ரொட்டி தீர்ந்துவிட்டது. படத்தை மாட்டிவிட்டு, செக்கச்செவேலென்று பிசுக்கேறிக் கிடந்த ரொட்டி உருண்டைகளை வாளியோடு கழிமுகத்துக்குக் கொண்டுபோய்க் கொட்டினாள். காக்கைகள் வட்டமடித்து வந்து பார்த்துவிட்டுத் தொடாமல் திரும்பின. அதற்குப் பிறகு அன்று படிப்பகத்தை அவள் திறக்கவில்லை. மறுநாள் விழாவுக்காகத் துப்புரவு நடக்கிறது என்று வாசலிலேயே சொல்லி அனுப்பினாள்.

நாற்பத்தெட்டாம் நாள் காலை மேளத்தோடு உள்ளே வந்த கூட்டம் வெறும் தாளைப் பார்த்ததும் மேளம் நின்றது. ஆட்டுக்காலன் இருந்த இடத்தில் ஆள் உருவத்துக்கு ஒரு வெளிறல் மட்டும் இருந்தது. தலைமயிர் ஒட்ட வெட்டியதுபோலான அந்தப் பெண் ஓடவில்லை. நின்றிருந்தாள், முழங்காலில் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். அவளை யாரும் பார்க்கவில்லை.

"எவன் செஞ்சது?" என்று கலியபெருமாள் சார் கத்தினார்.

"நான்தான் சார்."

"எங்க மண்டலத்தைக் கெடுத்துட்டியேடி பாவி!" என்று வேதவல்லி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள், இழவு வீட்டில் அழுவதுபோல நிஜமாகவே அழுதாள். யாரோ காறித் துப்பினார்கள், அது பாக்கியசீலியின் காலடியில் விழுந்தது. சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டு அவளை வெளியே அனுப்பினார்கள். முதல் பெஞ்சில் ஞானதிரவியம் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான், எழுந்து வரவில்லை.

இரண்டு நாள் ஜனம் வெளிறலுக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்தது. மூன்றாம் நாள் அது பொறுக்காமல் கடைகளுக்குப் போர்டு எழுதும் குபேரன் என்கிற ஓவியரைப் பக்கத்து ஊரிலிருந்து அழைத்துவந்தது. தன் குடையையும் தூக்குப்பாத்திரத்தையும் எடுத்துப்போக வந்த பாக்கியசீலி ஜன்னலோரம் நின்றபோது உள்ளே ஊரே ஒரே குரலாக இரைந்துகொண்டிருந்தது. கொம்பு இன்னும் வளைந்திருந்தது, தொடை இன்னும் பருத்திருந்தது, தாடி நுனி ஈரமாக இருந்தது, முதுகில் மயிர் இருந்தது என்று குபேரனுக்கு எடுத்துச் சொன்னார்கள். பாஸ்டர் ஐயாகூட மூக்கைப் பற்றி ஏதோ சொன்னார். குபேரன் கேட்டுக் கேட்டு வரைந்தார், காவிக்குச்சி கரகரவென்று இழுபட்டது.

"கை எங்க இருந்துச்சு?" என்று அவர் கேட்டார்.

ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். அந்த இரைச்சலுக்கு நடுவில் அதிராத, தாழ்ந்த ஒரு குரல் சொன்னது: "இன்னும் கிட்ட. கூந்தலப் புடிச்சிக்கிட்டு இருந்துச்சு."

"கூந்தல்தான் இல்லியே தம்பி" என்றார் குபேரன்.

"அப்ப பிடரியில வைங்க" என்றான் ஞானதிரவியம்.

ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த பாக்கியசீலியின் பிடரி கூசியது, அந்த விரல்கள் அங்கேதான் வந்து படுகின்றன என்பதுபோலக் கூசியது. குபேரன் முழங்கையை வரைந்தார், மணிக்கட்டை வரைந்தார், ஐந்து விரலையும் வளைத்து வரைந்து குச்சியை எடுத்தார். விரல்களுக்கு நடுவில் வெறும் தாள் இருந்தது. அந்தப் பெண் முழங்காலிலிருந்து கையை எடுத்து நிமிர்ந்து, குடத்துக் கிழவனைத் தாண்டி, தண்ணீருக்குள் இறங்கி நடந்து, சட்டத்தின் ஓரத்துக்கு அப்பால் போயிருந்தாள். தண்ணீரில் வளையங்கள் மட்டும் அகன்றுகொண்டிருந்தன.

"முங்கியிருப்பா" என்றார் கலியபெருமாள் சார். "மூச்சு முட்டினா வந்துதானே ஆகணும். உக்காருங்க எல்லாரும்."

உட்கார்ந்தார்கள்.

பாக்கியசீலி அன்று பிற்பகல் பேருந்திலேயே ஊரைவிட்டுக் கிளம்பினாள். இரண்டு மணிநேரம் தள்ளியிருந்த உப்பளத்து ஊரில் ஒரு பெண்கள் விடுதியில் சமையல் வேலையும் வாசலுக்குப் பக்கத்தில் ஒரு அறையும் கிடைத்தன. ஒரு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஞானதிரவியம் வந்து கதவைத் தட்டினான். சலவைச் சட்டை போட்டுத் தலைக்குக் குளித்திருந்தான். அவள் கதவைத் திறந்த கையோடு மூக்கை மூடிக்கொண்டாள்.

"ஊர்ல யாருக்கும் வாடை தெரியலியே சீலி."

"அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

வாசலிலேயே நின்று ஊர்ச் செய்தி சொன்னான். பெஞ்சுகள் அப்படியேதான் இருக்கின்றன. தண்ணீருக்குள் போனவள் திரும்பி வருவாளென்று காத்திருக்கிறார்கள். குபேரன் வரைந்தவன் நகரவில்லை, ஆனால் முகம் இப்போது வெளிப்பக்கமாகத் திரும்பியிருக்கிறது, கண் பெஞ்சுகளைப் பார்க்கிறது. அதனால் பெண்கள் நேரத்தை எடுத்துவிட்டார்கள். வேதவல்லி அந்தத் தெரு வழியாகப் போவதையே விட்டுவிட்டாள். தான் போவதில்லை என்றான். அவள் கேட்டுக்கொண்டாள், அவன் அடுத்த பேருந்தில் திரும்பினான்.

அடுத்த ஞாயிறு வந்தான், அதற்கடுத்த ஞாயிறும் வந்தான். சீயக்காய் தேய்த்து வந்தான், அத்தர் பூசி வந்தான், மொட்டை அடித்துக்கொண்டும் வந்தான். அவள் ஒவ்வொரு தடவையும் வாசலில் நிறுத்தியே பேசி அனுப்பினாள். ஆறாவது ஞாயிறு வெறுங்கையோடு, வேலைச் சட்டையோடு வந்தான். படியில் நின்று வெகுநேரம் கதவின் தாழ்ப்பாளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னான்:

"பிடரியில வைங்கன்னு சொன்னது நான்தான் சீலி."

"தெரியும். ஜன்னல்கிட்ட நின்னேன்."

அவன் முகம் வெளுத்துப்போனது. அவள் அங்கே நின்றிருக்கக்கூடும் என்பது இத்தனை நாளும் அவனுக்குத் தோன்றியேயிருக்கவில்லை. அவன் படியில் உட்கார்ந்து முழங்காலுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டான். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். குடித்து முடித்ததும் அவன் நிமிராமலே கேட்டான்.

"இப்ப போயிடுச்சா?"

அவள் குனிந்து, மழித்த தலைக்குக் கீழே வியர்த்திருந்த அவன் பிடரிக்கருகில் மூக்கைக் கொண்டுபோனாள், பால் திரிந்துவிட்டதா என்று பார்ப்பதுபோல நிதானமாக ஒரு மூச்சு இழுத்தாள், அவனுக்காகவும் தனக்காகவும் அந்த வாடை போயிருக்கக் கூடாதா என்று ஏங்கி இன்னொரு மூச்சும் இழுத்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"இல்ல" என்றாள். "இருக்கு."

அவன் தலையாட்டினான். செம்பை அவளிடம் கொடுத்துவிட்டு எழுந்து, தெருவில் இரண்டடி போய், நின்று திரும்பினான்.

"அடுத்த வாரம் வரட்டுமா?"

அவள் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"வாங்க" என்றாள். "வாசல் வரைக்கும் வாங்க."